இரைச்சல் நீக்கம்

ரோச்சின் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. விஜிலாவின் மனதில் முதலில் நெருடியது அதுதான். ஆனால் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அதை அவள் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணம் ஆனதில் இருந்து, கடலில் இருக்கும்போது அவன் பேசிய எந்தப் பேச்சையும் அவள் முழுசாகக் கேட்டது கிடையாது. தூத்துக்குடியில் இருந்து மாலத்தீவின் மாலிக்கு வெங்காயமும் செங்கலும் ஜல்லியும் ஏற்றிப் போகிற ‘சந்தியாகப்பர்’ தோணியில் ரோச் இன்ஜின் டிரைவர். அங்கிருந்து அவன் போன் போட்டால் இன்ஜினின் தடதடப்பு, மரப்பலகைகள் நெரிபடுகிற முனகல், பாய்க்கயிறு காற்றில் படபடவென்று அடித்துக்கொள்வது, பக்கத்தில் எவனோ காறித் துப்புவது, சமையல்காரன் சட்டியைச் சுரண்டுவது என்று ஊர்ப்பட்ட சத்தமும் கட்டிப் புரண்டு வரும். அந்தக் கூச்சலுக்குள் துழாவி ‘சாப்பிட்டியா’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் அவள் பிடித்துக்கொள்வாள். மிச்சமெல்லாம் குத்துமதிப்புதான்.

இந்தத் தடவை அப்படி இல்லை. தோணி புறப்பட்டு ஒரு வாரம் பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்து, ஒரு சாயங்காலம் கூடத்து மேசையில் இருந்த லேப்டாப் ஒளிர்ந்து அவன் முகத்தைக் காட்டியபோது, குரல் காதோரம் வந்து சொல்வதைப் போல அத்தனை சுத்தமாக இருந்தது.

“ஏளா விஜிலா. வந்து சேந்தாச்சு.”

“எங்க இருக்கீய? ஒரு வாரமா எனக்கு உயிரே இல்ல.”

“வெளிய நங்கூரம் போட்டுக் கிடக்கோம். கரைக்குப் போக எடம் கிடைக்கல. என் போனுக்கு மட்டுந்தான் இங்கன டவர் எடுக்கு. ஏழு பேரும் நல்லா இருக்கோம், மத்தவங்க வீட்டுலயும் சொல்லிரு.”

இன்ஜின் சத்தம் இல்லை. காற்று இல்லை. முகத்தைச் சுற்றி மங்கலாக ஒரு பச்சை நிறம் மட்டும், நனைந்த துணியைக் காயப்போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தலைமுடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. கேட்டதற்கு, இப்போதுதான் குளித்தேன் என்றான்.

“வீட்டுல தண்ணி இருக்கா?” என்று கடைசியாகக் கேட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாலி வரைக்கும் போனாலும் தூத்துக்குடிக்காரன் புத்தி தூத்துக்குடிக்காரன் புத்திதான். பங்குனி வெயிலில் தெருக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் தரைக்கு அடியில் தொட்டி கட்டி, லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றித்தான் அந்தக் கடற்கரைத் தெரு பிழைத்துக்கொண்டிருந்தது. இவர்கள் வீட்டுத் தொட்டி கூடத்துக்கு அடியில் இருந்தது. அதன் வாய் அடுக்களை மூலையில், வளையம் வைத்த இரும்பு மூடியோடு. பாதித் தொட்டி கிடக்கிறது என்று சொன்னாள்.

“நிறைச்சு வை,” என்றான் ரோச்.

குரல் அவ்வளவு சுத்தமாக வந்ததற்குக் காரணம் இருந்தது. தோணியில் ஏறுவதற்கு முன்னால் ரோச், காசிலிங்கம் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தவன். இன்னும் வெளியே வராத, நிறுவனத்துக்காரர்களே சோதித்துக்கொண்டிருக்கிற இயங்குதளம் எது இருந்தாலும் அதை முதலில் தன் லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அடுப்பில் கொதிக்கும்போதே குழம்பை வழித்து நக்குகிற புத்தி என்று விஜிலா கேலி செய்வாள். இந்தப் பயணத்துக்கு முந்தின நாளும் உட்கார்ந்து அப்படி ஒன்றை ஏற்றி, எல்லாவற்றையும் தமிழில் வைத்து, அதில் இருந்த மூன்று வசதிகளை அவளுக்குக் காட்டிக் கொடுத்தான். வருகிற குரலில் இரைச்சலை நீக்கும். வருகிற படத்தில் பின்னணியை மறைக்கும். எதிர்முனையில் எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேரும் தெரிகிற மாதிரி படத்தை அகலமாக்கும்.

“இனி என் குரலு உனக்கு முழுசாக் கேக்கும் பாரு.”

திரையின் வலது கீழ் மூலையில் சின்ன எழுத்து ஒன்று மட்டும் போகாமல் நின்றது. ‘சோதனைப் பதிப்பு. உரிமம் முடியும் நாள்’ என்று போட்டு, தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமையின் தேதி. அதைப் பற்றி அவள் கேட்டபோது, அதற்குள் வந்துவிடுவேன், வந்து புதுசு ஏற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதல் அழைப்பு வந்த மறுநாள் காலையில் தோணி முதலாளியின் ஆபீஸில் இருந்து செல்வலட்சுமி போன் செய்தாள். கணக்கெழுதுவதும் அவள்தான், வீடுகளுக்குத் தகவல் சொல்வதும் அவள்தான்.

“விஜிலாக்கா, மாலி ஏஜெண்டு தோணியைக் காணலைங்காவ. நடுவுல ஒரு நாள் காத்து மோசமா அடிச்சிருக்கு. தேடச் சொல்லி கடலோரக் காவல் படைக்கு எழுதிக் குடுக்கலாமான்னு மொதலாளி கேக்காரு.”

“என்னத்துக்கு எழுதணும்? நேத்துதான அவிய வீடியோல பேசுனாவ. வெளிய நங்கூரம் போட்டுக் கிடக்காவளாம். ஏழு பேரும் நல்லா இருக்காவ.”

அந்தப் பக்கம் செல்வலட்சுமி பெருமூச்சு விட்டது கேட்டது. இடம் கிடைக்காமல் தோணிகள் வெளியே கிடப்பது புதிதில்லை. முதலாளி எழுதிக் கொடுக்கவில்லை. விஜிலா போனை வைக்கும்போது, எல்லாருக்கும் நல்ல செய்தி சொன்ன மிதப்பு அவளுக்குக் கொஞ்சம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அன்றைக்கே மெட்டில்டா அக்கா வந்துவிட்டாள். அவள் புருஷன் ஞானையாதான் அந்தத் தோணியை ஓட்டிப் போகிற தண்டல். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, “எங்க வீட்டு ஆளு பேச்சு எதுவும் அடிபட்டுச்சாளா?” என்று கேட்டாள். விஜிலா சொன்னதை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு போவதைப் போலத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அன்றில் இருந்து அது வழக்கமாகிப் போனது. விஜிலா வாய் திறந்தால் ஏழு வீட்டில் அடுப்பு எரிந்தது.

ரோச் தினமும் சாயங்காலம் வந்தான். பேசினான். நங்கூரம் போட்டுக் கிடக்கிறோம். எல்லாரும் நல்லா இருக்காவ. சாப்பிட்டியா. தண்ணி இருக்கா.

அவன் தலைமுடி காய்ந்து அவள் பார்க்கவே இல்லை.

அந்த வாரத்தில்தான் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்தது. முதலில் சோற்றில்தான் உப்புக் கூடிப்போயிற்று என்று நினைத்தாள். பிறகு காப்பி கரித்தது. லாரித் தண்ணீர் கொண்டுவருகிற சிவப்பிரகாஷைப் பிடித்து, கடலில் இருந்து நேரே மோந்து வருகிறாயா என்று ஒரு சண்டை போட்டாள். அவன் ஆத்தூர்ப் பக்கம் பிடித்த ஆற்றுத் தண்ணீர் என்று சத்தியம் செய்து, லாரியின் குழாயில் இருந்தே ஒரு வாய் குடித்துக் காட்டினான். அவளும் குடித்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீரே தொட்டிக்குள் போய் ஒரு இரவு கிடந்தால் கரித்தது.

மோட்டார் வேறு கெட்டுப்போயிருந்ததால் மூடியைத் திறந்து, முட்டிபோட்டுக் குனிந்து, கப்பால் மோந்து வாளியில் ஊற்ற வேண்டியிருந்தது. ஒருநாள் மத்தியானம் அப்படி மோக்கும்போது கப் கைநழுவிப் போயிற்று. சிவப்பு பிளாஸ்டிக் கப். கைப்பிடி உடைந்துபோனதை ரோச்தான் செம்புக் கம்பி சுற்றிக் கட்டிக் கொடுத்திருந்தான். அது மூழ்காமல் மிதந்து, ஆடி ஆடி, கை எட்டாத இருட்டு மூலைக்குப் போயிற்று. நின்ற தண்ணீரில் அது எப்படி நகர்ந்தது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. டார்ச் எடுத்துவந்து அடித்துப் பார்த்தால் தண்ணீர்தான் கறுப்பாகக் கிடந்தது. கப்பைக் காணோம். உள்ளே இருந்து பாசி வாடை, அதற்கும் அடியில், வெயிலில் காயப்போட்ட சிப்பியில் இருந்து வருமே அந்த வாடை. முத்துக் குளித்த காலத்தில் சிப்பியைக் கரையில் அழுகப் போட்ட கதைகளில் அவள் கேட்டதுதான்; ஆனால் வாடை என்றைக்கு மூக்கில் ஏறினாலும் தெரிந்துவிடும். மூடியைத் தள்ளி மூடிவிட்டு எழுந்துவந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ரோச் சொன்னான், “ஏளா, பாத்துக் குனி. விழுந்துராத.”

“எங்க விழுந்துருவேன்?”

அவன் சிரித்தான். எல்லாரும் நல்லா இருக்காவ என்றான்.

உரிமம் முடிகிற வெள்ளி நெருங்க நெருங்க மூலையில் கிடந்த எழுத்து பெரிதாகி, திரைக்கு நடுவே வந்து எச்சரிக்க ஆரம்பித்தது. இந்த லேப்டாப் நின்றுபோனால் அவன் குரலும் போய்விடும். அவன் போனுக்கு இவள் கூப்பிட்டால் ஒரு தடவைகூட மணி அடித்தது கிடையாது. காசிலிங்கம் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசினாள்.

“உரிமம் முடிஞ்சா தானா அணைஞ்சு அணைஞ்சு எரியும்மா. பொறவு எந்திரிக்கவே செய்யாது,” என்றார் அண்ணாச்சி. “வெளிய விக்கிற பதிப்பை ஏத்தலாம். ஆனா எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் ஏத்தணும். அதுலயும் நீ சொல்லுத அந்த இரைச்சல் நீக்குத வசதி கிடையாது. சோதனைல வச்சுப் பாத்தாவ, சரிப்படலன்னு எடுத்துட்டாவ.”

“ஏன் அண்ணாச்சி சரிப்படல?”

“அது இரைச்சலை மட்டுமா நீக்குது? குரலு அறுந்து அறுந்து வந்தா, விட்டுப்போன எடத்துல அந்த ஆளு என்ன சொல்லியிருப்பான்னு அதுவே இட்டு நிரப்பும். முகத்தையும் அப்படித்தான். யாரோ ஒருத்தன் பேசி முடிச்சுப் போனை வச்சிட்டுப் போன பொறவும் இந்தப் பக்கம் அவன் பேசிக்கிட்டே இருந்தானாம். எல்லாரும் இதைச் சொல்லிச் சிரிக்காவ, ஆனா எனக்கு என்னமோ பிடிக்கல.”

விஜிலாவின் நடை நின்றது.

“வேணும்னா ஒண்ணு செய்,” என்றார் அவர். “லேப்டாப்புல தேதியை ஒரு மாசம் பின்னால தள்ளி வச்சிரு. உரிமம் இன்னும் இருக்குன்னு அது ஏமாந்துக்கிடும். ரோச் வார வரைக்கும் ஓடும்.”

போனை வைத்துவிட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இட்டு நிரப்பும். எது ரோச் பேசியது, எது இயந்திரம் நிரப்பியது? நங்கூரம் போட்டுக் கிடக்கிறோம் என்றது யார்? எல்லாரும் நல்லா இருக்காவ என்றது யார்? அந்த வார்த்தையைத்தான் அவள் ஆபீஸுக்குச் சொன்னாள், மெட்டில்டாவுக்குச் சொன்னாள். அதை நம்பித்தான் யாரும் தேடப் போகவில்லை. அவர்கள் எங்காவது பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்திருந்தால், மிதந்த நாளெல்லாம் இவள் இங்கே உட்கார்ந்து நல்லா இருக்காவ, நல்லா இருக்காவ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உடனே செல்வலட்சுமிக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இன்னும் ஒரே ஒரு நாள் அவன் முகத்தைப் பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டாள். அதுதான் உண்மை.

வியாழக்கிழமை அவன் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை இது:

“அண்ணாச்சி சொன்னாருல்லா, அது மாதிரி தேதியைப் பின்னால தள்ளி வையி.”

“அண்ணாச்சி பேசுனது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் முகம் சிரித்தபடியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து உதடு அசைந்தது. “தண்ணி இருக்கா?”

அன்று இரவெல்லாம் யோசித்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தேதியைத் தொடப் போவதில்லை. உரிமம் முடியட்டும். இட்டு நிரப்புகிறது நின்ற பிறகு என்ன வருகிறதோ அதுதான் உண்மையாக வருவது. ரோச் உயிரோடு இருந்தால் இரைச்சலோடு வரட்டும். இன்ஜினும் காற்றும் எவனோ துப்புகிற சத்தமுமாக வரட்டும். ஒன்றும் வராவிட்டால் நேரே ஆபீஸுக்கு ஓட வேண்டியதுதான். இரண்டில் ஒன்று. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று அவள் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவே கோயிலுக்குப் போயிருந்தது. தவக்காலத்துச் சிலுவைப்பாதை. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு நிலையாகச் சொல்லி, முழங்காலில் நின்று, எழுந்து பாடுகிற பாட்டு கடற்காற்றில் ஏறியும் இறங்கியும் வந்தது. ஆள் இல்லாத வீடுகளின் கதவுகள் சாத்திக் கிடந்தன. சிவப்பிரகாஷ் மட்டும் லாரியைத் தெருமுனையில் நிறுத்தி, தண்ணீர்க்குழாயைச் சந்து வழியாக இழுத்துவந்து, அடுக்களைப் பின்கதவால் நுழைத்து, இரும்பு மூடியில் இருந்த ஓட்டைக்குள் சொருகினான். “இன்னைக்கு முழுசா நிறைச்சிரலாம்க்கா,” என்று சொல்லிவிட்டு லாரிக்குப் போய்விட்டான். காலுக்கு அடியில், கூடத்துத் தரைக்குக் கீழே, தண்ணீர் விழுகிற சத்தம் ஆரம்பித்தது.

லேப்டாப் தானாக அணைந்தது. தானாக எரிந்தது.

‘இந்தச் சோதனைப் பதிப்பின் உரிமம் முடிந்துவிட்டது. சில வசதிகளுக்கு இனி ஆதரவு இல்லை. கணினி இடையிடையே மறுதொடக்கம் ஆகும்.’

அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அழைப்பு வந்தது.

ரோச்சின் முகம். அதே பச்சை. அதே ஈரத் தலை. அடியில் ஒரு வரி எழுந்தது. ‘இரைச்சல் நீக்கம்: ஆதரவு இல்லை.’

சத்தம் வந்தது.

தண்ணீர். கொட்டுகிற தண்ணீர், மூடிய இடத்துக்குள், சுவரில் மோதித் திரும்பி வருகிற முழக்கத்தோடு. கடல் அப்படிச் சத்தம் போடாது. கடல் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியும். அதற்குள் ரோச்சின் வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. கழுத்து வரை நிறைந்த குடத்தைக் கவிழ்த்தால் வருமே, அந்தக் களக் களக். அது நிற்கும். மறுபடி வரும். ஒன்றிரண்டு குரல் இல்லை. நிறைய.

“என்னங்க,” என்றாள். “என்னங்க.”

அவள் குரல் லேப்டாப்பில் இருந்து திரும்பிக் கேட்டது. மங்கலாக. மேலே இருந்து கேட்பதைப் போல.

கோயில் பாட்டும் அதிலிருந்து கேட்டது. வாசல் வழியாக ஒரு தடவை. லேப்டாப் வழியாக இன்னொரு தடவை, காரைக்கும் கல்லுக்கும் அந்தப் பக்கம் இருந்து.

அவள் மெல்லக் காலைத் தூக்கினாள். தரையில் ஒரு மிதி மிதித்தாள்.

லேப்டாப்பில் ‘தொம்’ என்றது.

ரோச் மேலே அண்ணாந்து பார்த்தான்.

எப்படிப் போனை எடுத்தாள், எப்படி எண்ணைத் தேடினாள் என்று தெரியவில்லை. செல்வலட்சுமி எடுத்ததும் மடமடவென்று கொட்டினாள். “தேடச் சொல்லு. மொதலாளிட்ட சொல்லு. தோணியைத் தேடச் சொல்லு இப்பமே.”

“என்னக்கா சொல்லுதிய? நல்லா இருக்காவன்னு நீங்கதான இத்தன நாளும் சொன்னிய?”

“நான் சொன்னது... அது அவிய இல்ல... தேடச் சொல்லு.”

“அவிய இல்லன்னா யாருக்கா?”

போன் கையில் இருந்து நழுவி மடியில் விழுந்தது. திரையில் இரண்டாவது வரி எழுந்தது.

‘பின்னணி மறைத்தல்: ஆதரவு இல்லை.’

பச்சை தெளிந்தது. துணி இல்லை. சுவர். பாசி பிடித்த சிமெண்டுச் சுவர். அதன் ஓரத்தில், ரோச்சின் காதுக்குப் பின்னால், சிவப்பாக ஒன்று மிதந்து மிதந்து சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் செம்புக் கம்பி.

அவள் கத்தவில்லை. கத்த மூச்சு வேண்டும்.

படம் அகலமானது. அந்த ஒரு வசதி மட்டும் இன்னும் வேலை செய்தது. ரோச்சின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு முகம் வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. படம் இன்னும் விலகி, இன்னும் இடம் கொடுத்தது. இன்னொரு ஆள். இன்னொரு ஆள். மோவாய் வரை தண்ணீரில், தோளோடு தோள் நெருக்கி, எல்லாரும் அண்ணாந்து, மேலே ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு. கண் இருந்த இடங்களில் சிலருக்குக் கண் இல்லை. தண்ணீர் ஏற ஏற அவர்களும் ஏறினார்கள்.

“விஜிலா! ஏளா விஜிலா!”

வாசலில் மெட்டில்டா. கோயிலில் இருந்து நேரே வந்திருந்தாள், கையில் ஜெபமாலையோடு. அன்றைய செய்தியைக் கேட்க வந்தவள், விஜிலாவின் தோளுக்கு மேல் திரையைப் பார்த்தாள்.

“எங்க வீட்டு ஆளு!”

“அக்கா, பாக்காத. அக்கா...”

“என்னளா பாக்காத? எத்தன நாளாச்சு நான் இந்த முகத்தைப் பாத்து.” மெட்டில்டா குனிந்து திரையை முத்தமிட்டாள். அழுதாள். சிரித்தாள். “எளச்சுப் போயிட்டாவளே. என்ன, எல்லாரும் குளிக்காவளா?”

விஜிலா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வாசலைப் பார்த்து இழுத்தாள். திரை அணைந்தது. இந்தத் தடவை மறுபடி எரியவில்லை.

ஆனால் சத்தம் நிற்கவில்லை.

களக். களக்.

அடுக்களையில் இருந்து.

தண்ணீர்க்குழாய் மூடியின் ஓட்டையை விட்டு வெளியே வந்து கிடந்தது. யாரோ உள்ளே இருந்து தள்ளிவிட்ட மாதிரி. தண்ணீர் தரையெல்லாம் ஓடி, பாத்திரங்களை நகர்த்தி, கூடத்து வாசற்படியைத் தொட்டது. கரிப்பு வாடை. சிப்பி வாடை. இரும்பு மூடி விரல் அளவு உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது. இடுக்கு வழியாக ஒரு கை வந்தது. வெளுத்து, ஊறி, விரல் தோல் சுருங்கிய கை. அது சிவப்பு கப்பைத் தரையில் வைத்தது. சிந்தாமல். விளிம்பு வரை நிறைந்து.

“தண்ணி இருக்கா,” என்றது அடியில் இருந்து ஒரு குரல். இரைச்சலோடு. ரோச்சின் குரல்தான்.

“உள்ளயா இருக்காவ?” மெட்டில்டா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள்.

“அக்கா, திறக்காத. அவிய உயிரோட இல்லக்கா. நான் சொன்னதெல்லாம் பொய்யிக்கா.”

மெட்டில்டா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“போளா. நீதான தினமும் சொன்ன, நல்லா இருக்காவன்னு.”

முட்டிபோட்டு உட்கார்ந்து, வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அடியில் இருந்து அவர்களும் தள்ளினார்கள்.